கடற்பாலம் மூடிய நாட்களில்

ஜோகூர் பாருவுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்குச் சாமான் வாங்கப் போயிருக்கிறேன். பண்டிகைக்குத் துணி எடுக்கப் போயிருக்கிறேன். கல்வி இலாகாவில் ஒரு கடிதத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பியும் இருக்கிறேன். ஆனால், நன்றி சொல்வதற்கென்றே அந்த ஊருக்குப் போனது, 2022ஆம் ஆண்டு டிசம்பர் விடுமுறையில் போன அந்த ஒரு பயணந்தான்.

நானும் என் கணவரும் மட்டும் போனோம். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு, இருட்டோடு இருட்டாகப் பசியாறிக்கொண்டு புறப்பட்டோம். ஒரே நாளில் இரண்டு கோவில்களைப் பார்த்துவிட வேண்டும் என்பது திட்டம். ஒன்று ஜோகூர் பாரு நகரின் நடுவில் இருக்கும் மாதா கோவில். மற்றொன்று கடலுக்கு அப்பால், சிங்கப்பூரின் கீழ்க்கோடியில் சாங்கியில் இருக்கும் ஒரு சின்னஞ்சிறு கோவில். இந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது ஒரு கடற்பாலம். எங்கள் குடும்பத்தின் கதை அந்தப் பாலத்தோடு பின்னிக் கிடப்பதால், அதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

தோட்டத்து மண்சாலையைக் கடந்து கூலாய் பெரிய சாலைக்கு வந்துவிட்டால் இருபுறமும் செம்பனைதான். என் பாட்டி சிறுமியாக இருந்த காலத்தில் இதெல்லாம் ரப்பர்க் காடு. "வெள்ளி முளைக்கிறதுக்கு முன்னாடி பெரட்டுக்குப் போய் நிப்போம்" என்று பாட்டி சொல்வார். இன்று பெரட்டும் இல்லை, லயங்களில் பாதியும் இல்லை. அங்கே இருந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் ஏறிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள். என் கணவரும் அவர்களில் ஒருவர். மூன்றரை மணிக்கு வீட்டை விட்டால்தான் பாலத்தில் நெரிசலுக்கு முன் கடக்கலாம் என்பார். பெரட்டு மாறியதே தவிர, விடியுமுன் எழுந்திருக்கும் தலையெழுத்து எங்கள் ஜனத்துக்கு மாறவில்லை!

ஜாலான் கெரெஜா

லார்க்கின் பஸ் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து வேறு பஸ் பிடித்து நகருக்குள் போனோம். பழைய ஜோகூர் பாருவை நடந்துதான் பார்க்க வேண்டும். வோங் ஆ ஃபூக் சாலையின் இரைச்சலிலிருந்து சற்றே விலகினால், பூமாலைக் கடைகளும் மளிகைக் கடைகளும் இருக்கும் ஜாலான் உங்கு புவான். அங்கே ராஜமாரியம்மன் தேவஸ்தானம். ஜாலான் துருஸில் பழமையான சீனக் கோவில் ஒன்றும் சீக்கியர்களின் குருத்துவாராவும் இருக்கின்றன. மாதா கோவில் இருக்கும் சாலைக்குப் பெயரே ஜாலான் கெரெஜா. 'கெரெஜா' என்ற மலாய்ச் சொல் போர்த்துகீசியரிடமிருந்து வந்ததாம். இத்தனை வழிபாட்டிடங்களும் கால்நடையாகப் போய்வரும் தூரத்தில் இருப்பது இந்த ஊருக்கு ஓர் அழகு.

அமல உற்பவ மாதா கோவில், மகாராஜா அபு பாக்கார் ஜோகூரை ஆண்ட காலத்தில், பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த குருக்களால் தொடங்கப்பட்டது. அபு பாக்கார் சிறுவயதில் சிங்கப்பூரில் பெஞ்சமின் கீஸ்பெரி என்ற கிறிஸ்தவப் போதகரின் பள்ளியில் படித்தவர் என்பது பலருக்குத் தெரிந்திருக்காது. இன்று இந்தக் கோவில் 1972இல் அமைக்கப்பட்ட மலாக்கா-ஜோகூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது.

வார நாள் என்பதால் உள்ளே கூட்டமில்லை. ஒரு சீனப் பாட்டி முன்வரிசையில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். என் கணவர் முழந்தாளிட்டவர், வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. நான் பெஞ்சில் உட்கார்ந்து அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த முதுகை மறுபடி எப்போது பார்ப்போம் என்று தெரியாமல் தவித்த நாட்கள் நினைவுக்கு வந்தன. கண்ணில் நீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு வெளியே வந்தோம்.

பாட்டி சொன்ன கதை

கோவிலிலிருந்து கடற்கரைக்கு அதிக தூரமில்லை. போகும் வழியில் புக்கிட் திம்பாலான் மேட்டில், சதுரக் கோபுரத்தோடு நிற்கிறது சுல்தான் இப்ராஹிம் கட்டிடம். 1942இல் ஜப்பானியர் இந்தக் கோபுரத்தில் ஏறிச் சிங்கப்பூரை வேவு பார்த்தார்கள். சற்று மேற்கே இருக்கும் புக்கிட் செரின் அரண்மனைக் கோபுரத்திலிருந்துதான் ஜெனரல் யமாஷித்தா தாக்குதலை நடத்தினார்.

கரையில் நின்றால் எதிரே கடற்பாலம். 1924 ஜூன் மாதத்தில் முறைப்படி திறக்கப்பட்டது. நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ரயில், சாலை, தண்ணீர்க் குழாய் என்று மூன்றுக்கும் இடம் கொடுத்துக் கற்களைக் கொட்டிக் கட்டியது. 1942 ஜனவரி 31ஆம் தேதி காலையில், கடைசிப் பிரிட்டிஷ் படையும் சிங்கப்பூருக்குள் போனபின், வெடி வைத்து இதை உடைத்தார்கள். உடைத்து என்ன பயன்? பிப்ரவரி 8ஆம் தேதி இரவு ஜப்பானியர் படகுகளில் ஜலசந்தியைக் கடந்தார்கள். 15ஆம் தேதி சிங்கப்பூர் சரணடைந்தது.

என் பாட்டிக்கு அப்போது எட்டு வயது. அவருடைய அப்பா, அதாவது என் கொள்ளுத்தாத்தா, பால்மரம் வெட்டுகிறவர். ரப்பர் வாங்க ஆளில்லாமல் தோட்டம் படுத்துவிட்டது. அரிசி போய் மரவள்ளிக் கிழங்கு வந்தது. துணி போய்ச் சாக்கு வந்தது. 1943இல் ஒரு நாள் காலையில் லோரி வந்து நின்றது. சயாமில் ரயில் சடக்குப் போட ஆள் வேண்டும், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லி ஏற்றிக்கொண்டு போனார்கள்.

நேயர்களுக்கு அந்தச் சயாம் மரண ரயில் கதை தெரிந்திருக்கும். சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூஸாயாட் வரை 415 கிலோமீட்டர் பாதை. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். சுமார் அறுபதாயிரம் போர்க்கைதிகளும், இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட ஆசியத் தொழிலாளர்களும் அதில் உழைத்தார்கள். கைதிகளில் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் மாண்டார்கள். தொழிலாளர்களில் தொண்ணூறாயிரம் பேர் வரை இறந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் ஏராளம். காலராவும் பட்டினியும் அடியும் அவர்களைத் தின்றுவிட்டன. என் கொள்ளுத்தாத்தா திரும்பி வரவில்லை. அவருக்குக் கல்லறையும் இல்லை, இறந்த தேதியும் இல்லை.

பாட்டி சொல்வார்: "விளக்குக்கு எண்ணெ கிடையாது. சாயங்காலம் ஆனா ஒரே இருட்டு. அம்மா எங்கள சுத்தி உக்கார வச்சி, இருட்டுலயே செபமாலை சொல்லும். முடிஞ்சதும் கிழங்க தொட்டுப் பாத்துப் பாத்து சமமா பிச்சிக் குடுக்கும். அப்பாவுக்கும் ஒரு துண்டு எடுத்து வச்சிரும். காலையில அத பக்கத்து லயத்துல யாராச்சும் முடியாதவங்களுக்குக் குடுத்துரும். அடுத்த நாளும் எடுத்து வைக்கும்."

"உங்கம்மாவுக்குப் பயமே இல்லையா பாட்டி?" என்று நான் கேட்டிருக்கிறேன்.

"பயம் இல்லாம இருக்குமா புள்ள? கை நடுங்கிக்கிட்டேதான் பிக்கும். ஆனா பிச்சிக் குடுத்துரும்" என்பார்.

சிறுவயதில் இந்தப் பதில் எனக்கு விளங்கவில்லை. விளங்குவதற்கு 2020ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது.

பாலம் மூடிய ஆண்டு

2020 மார்ச் 16ஆம் தேதி இரவு, நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையைப் பிரதமர் தொலைக்காட்சியில் அறிவித்தார். 18ஆம் தேதி முதல் பள்ளிக்கூடம் இல்லை, கோவில் இல்லை, எல்லை இல்லை. அன்றாடம் சுமார் மூன்று லட்சம் பேர் போய்வந்துகொண்டிருந்த பாலம் அது! 17ஆம் தேதி பூராவும் ஜனங்கள் பையும் தலையணையுமாகச் சிங்கப்பூருக்கு விரைந்தார்கள். போகாவிட்டால் வேலை போய்விடும். போனால் எப்போது திரும்புவது என்று தெரியாது. என் கணவர் இரண்டு சட்டையும் ஒரு துண்டும் எடுத்துக்கொண்டார். "ரெண்டு வாரந்தானே, டீச்சரம்மா! பிள்ளைகளையும் அம்மாவையும் பார்த்துக்க" என்று சிரித்துக்கொண்டே மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார்.

இரண்டு வாரம் இரண்டு ஆண்டாகிவிட்டது.

அந்த மே மாதம் என் அத்தை, அவருடைய தாயார், காலமானார். கொரோனா அல்ல, நெடுநாளாக இருந்த சிறுநீரகக் கோளாறு. சாமியார் முதல் நாளே வந்து அவஸ்தைப் பூசுதல் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அடக்கத்தன்று அவருக்கு வேறோர் இடத்திலும் அடக்கம் இருந்தது. மகன் உடனே புறப்பட்டு வந்தாலும் பதினான்கு நாள் தனிமைப்படுத்தலில் இருந்தாக வேண்டும். அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். திரும்பிப் போகவும் வழி இருக்காது. ஆகவே, கல்லறையில் எண்ணி ஏழெட்டுப் பேர் நின்றோம். செபப் புத்தகத்தை ஒரு கையிலும் தொலைபேசியை மறு கையிலும் பிடித்துக்கொண்டு நானே செபங்களை வாசித்தேன். திரையில் அவருடைய முகம். பெட்டியைக் கயிறு கட்டி இறக்கும்போது, "கொஞ்சம் கீழே காட்டும்மா, அம்மாவைப் பார்க்கணும்" என்றார். என் கை ஆடியது, படமும் ஆடியது. வாசிப்பை நிறுத்திவிட்டேன். "நிறுத்தாதே, வாசி" என்று தொலைபேசிக்குள்ளிருந்து குரல் வந்தது. வாசித்து முடித்தேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அதன்பின் சில நாட்கள் என்னால் செபிக்க முடியவில்லை. வாய் சொல்லும், மனம் வேறெங்கோ நிற்கும். ஒரு தாயின் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்க மகனுக்குக் கொடுத்து வைக்கவில்லையே, இதற்குத்தானா ஆண்டாண்டு காலமாக மெழுகுவர்த்தி ஏற்றினோம் என்று கோபம் வந்தது. அந்தக் கோபத்தையும் கடவுளிடமே சொன்னேன். வேறு யாரிடம் சொல்வது?

அப்போதுதான் மார்ச் மாதத்தில் பார்த்த ஒரு காட்சி திரும்ப நினைவுக்கு வந்தது. 27ஆம் தேதி ரோமாபுரியில் மாலை நேரம். நமக்கு நள்ளிரவு தாண்டி ஒரு மணி. அப்போது போப்பாண்டவராக இருந்த பிரான்சிஸ், மழை தூறிக்கொண்டிருந்த புனித பேதுரு சதுக்கத்தில் தன்னந்தனியாக நடந்து வந்தார். பல்லாயிரம் பேர் நிற்கும் இடத்தில் ஒரு குஞ்சும் இல்லை. 1522இல் கொள்ளைநோய் வந்தபோது ரோமாபுரித் தெருக்களில் சுமந்து சென்ற பழைய பாடுபட்ட சுரூபம் ஒன்றை அங்கே வைத்திருந்தார்கள். அவர் எடுத்துக்கொண்ட வேத வாசகம், புயலில் சிக்கிய படகின் கதை. சீடர்கள் பயந்து அலறுகிறார்கள். இயேசுநாதரோ படகின் பின்பக்கத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார்!

பிள்ளைகளுக்கு இந்தக் கதையை எத்தனையோ தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவர் எழுந்து காற்றை அதட்டிய இடத்தைத்தான் பெரிதாகச் சொல்வேன். அதற்கு முன்னால் உள்ள பகுதியை நான் கவனித்ததே இல்லை. புயல் ஓயாத நேரத்திலும் அவர் அதே படகில்தான் இருந்தார். கரையில் நின்று வேடிக்கை பார்க்கவில்லை. நனைந்த படகில், நம்மோடு, நனைந்துகொண்டே இருந்தார்.

இது ஒரு பெரிய ஆறுதலா என்று சிலர் கேட்கலாம். எனக்கு அன்று அது போதுமானதாக இருந்தது. மறுநாள் எழுந்து, இணைய வசதி இல்லாத மாணவர் வீடுகளுக்குப் பயிற்சித் தாள்களைக் கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். பக்கத்து வீட்டு அக்கா இந்து. அவர் தம் வீட்டில் விளக்கேற்றும்போது என் கணவர் பெயரையும் சொல்லிக் கும்பிடுவார். இடையில் ஒரு வேலி; இந்தப் பக்கம் செபமாலை, அந்தப் பக்கம் விளக்கு. சாயங்காலங்கள் அப்படித்தான் கழிந்தன.

சிங்கப்பூரில் என் கணவர் நான்கு பேரோடு ஓர் அறையில் இருந்தார். 2021 மே மாதத்தில் சாங்கி அரும்பொருளகம் புதுப்பித்துத் திறக்கப்பட்டது. பிற்பாடு ஓய்வு நாள் ஒன்றில் அங்கே போய்விட்டு வந்து, அன்றிரவு தொலைபேசியில், "இங்கே ஒரு கோவில் இருக்கு. கைதிங்க கட்டினது மாதிரியே கட்டி வச்சிருக்காங்க. நீ ஒரு நாள் வந்து பார்க்கணும்" என்றார். "பாலம் திறக்கட்டும்" என்றேன். 2021 நவம்பர் 29ஆம் தேதி தடுப்பூசி போட்டவர்களுக்கென்று குறிப்பிட்ட பஸ்களை விட்டார்கள். 2022 ஏப்ரல் முதல் தேதி பாலம் மறுபடி திறந்தது. அன்று நள்ளிரவு வரிசையாக வந்த மோட்டார் சைக்கிள்களில் அவருடையதும் ஒன்று.

சாங்கியில் ஒரு சிறு கோவில்

ஆகவேதான் அந்த டிசம்பர்ப் பயணம். கடற்கரையிலிருந்து எல்லை நிலையத்துக்கு நடந்தோம். கடப்பிதழில் முத்திரை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் பாலத்தைக் கடந்தோம். ஐந்து நிமிடந்தான்! இந்த ஐந்து நிமிடத்தைக் கடக்க முடியாமலா இரண்டு ஆண்டுகள் தவித்தோம் என்று இருவருக்குமே தோன்றியிருக்க வேண்டும், ஒருவரும் பேசவில்லை. அங்கிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறிச் சாங்கிக்குப் போய்ச் சேரப் பகல் ஆகிவிட்டது.

சிங்கப்பூர் விழுந்தபின் பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்வீரர்கள் சுமார் ஐம்பதாயிரம் பேரைச் சாங்கி வட்டாரத்துக்கு நடத்திக் கொண்டுவந்து அடைத்தார்கள். அவர்கள் கிடைத்த பலகையையும் கீற்றையும் கொண்டு பல இடங்களில் சின்னச் சின்னக் கோவில்களை அமைத்துக்கொண்டார்கள். அவற்றில் ஒன்று பிற்காலத்தில் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோகப்பட்டு, கான்பெரா நகரில் டன்ட்ரூன் என்ற இடத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறது. இங்கே நாம் பார்ப்பது, அவற்றின் நினைவாக 1988இல் கட்டப்பட்டு, 2001இல் இந்த இடத்துக்கு வந்த மாதிரிக் கோவில். ஒரு முற்றம், எளிய பலிபீடம், மரப் பெஞ்சுகள், மேலே வானம். நம் தோட்டத்துக் கோவில்களைவிட எளிமையானது.

ஹாரி ஸ்டாக்டன் என்ற கைதி, வெடித்துத் தீர்ந்த பீரங்கிக் குண்டின் பித்தளைக் கூட்டை அறுத்து ஒரு சிலுவை செய்தாராம். கொல்வதற்கென்று வார்த்த பித்தளை அவர் கையில் சிலுவையாகிவிட்டது. அவர் வீடு திரும்பவில்லை. சிலுவை மிஞ்சியது.

ஆனால் என்னை அதிகமாகத் தொட்டது ஸ்டான்லி வாரன் என்பவரின் கதை. அவர் பீரங்கிப் படையைச் சேர்ந்தவர். ஓவியம் வரையத் தெரிந்தவர். 1942இல் புக்கிட் பாத்தோக்கில் வேலை செய்தபோது, அங்கிருந்த கைதிகளின் கோவில் சுவரில் கரித்துண்டால் கிறிஸ்து பிறப்பை வரைந்தார். அதில் மரியன்னையை ஒரு மலாய்ப் பெண்ணின் சாயலில் வரைந்தாராம். பிறகு கடுமையான சீதபேதியும் சிறுநீரகக் கோளாறும் வந்து, சாங்கியில் ராபர்ட்ஸ் முகாம் மருத்துவமனையில் கிடந்தார். பிழைப்பார் என்று யாரும் நினைக்கவில்லை. படுக்கையில் கிடந்தபோது, பக்கத்தில் இருந்த புனித லூக்கா கோவிலிலிருந்து பாட்டுச் சத்தம் காதில் விழும். சற்றுத் தேறியதும், அந்தக் கோவில் சுவரில் படம் வரைய முடியுமா என்று போதகர் கேட்டார்.

எழுந்து நிற்கவே பலமில்லாத மனிதர்! சாயம் எங்கே கிடைக்கும்? கைதிகள் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள்: படை வாகனங்களுக்குப் பூசும் பழுப்புச் சாயம், கொஞ்சம் சிவப்பு, கொஞ்சம் வெள்ளை, நீலத்துக்குப் பில்லியர்ட்ஸ் விளையாடுகிறவர்கள் கோலில் தேய்க்கும் சுண்ணக்கட்டி. கால் மணி நேரம் வரைவார், பிறகு படுத்துவிடுவார். மறுபடி எழுந்து கால் மணி நேரம். இப்படியே 1942ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸுக்குள், உலகத்துக்குச் சமாதானத்தை அறிவிக்கும் கிறிஸ்து பிறப்புப் படத்தை முடித்துவிட்டார். தொடர்ந்து மொத்தம் ஐந்து படங்கள். சிலுவைப் பாட்டுப் படத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட கருத்து, தம்மை அறைந்தவர்களை மன்னிக்கும்படி இயேசுநாதர் கேட்ட வேண்டுதல். காவல் காத்த துப்பாக்கிகளுக்கு நடுவே, ஒரு கைதி இதை வரைந்தார் என்பதை எண்ணிப் பாருங்கள்!

அவர் படுத்திருந்த காலத்தில், அவருடைய தோழர்கள் பலர் வடக்கே ரயில் பாதை போட அனுப்பப்பட்டார்கள். ஆம், என் கொள்ளுத்தாத்தா போன அதே சயாம் பாதைக்குத்தான். நோய் இவரைச் சாங்கியிலேயே நிறுத்தி வைத்தது.

பிற்பாடு அந்தச் சுவர்களுக்கு மேலே சுண்ணாம்பு அடிக்கப்பட்டுப் படங்கள் மறைந்தன. 1958இல் தற்செயலாகக் கண்டுபிடித்தார்கள். வரைந்தவர் லண்டனில் ஓவிய ஆசிரியராக இருந்தார். பழைய நினைவுகளுக்குப் பயந்து முதலில் வரத் தயங்கினார். ஆனாலும் 1963, 1982, 1988 ஆகிய ஆண்டுகளில் மூன்று தடவை வந்து தம் கையாலேயே சீர்செய்து கொடுத்தார். 1992இல் காலமானார். அசல் சுவர்கள் இராணுவ வட்டாரத்துக்குள் இருப்பதால், நினைத்த நேரத்தில் போய்ப் பார்க்க முடியாது. எங்களுக்கும் பார்க்கக் கிடைக்கவில்லை.

முற்றத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வெயில் கடுமையாக இருந்தது. "அன்னிக்குத் தனியா வந்தப்ப இங்கேதான் உட்கார்ந்தேன்" என்றார் என் கணவர். "அம்மா போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அது வரைக்கும் அழுததில்லை. ரூம்ல நாலு பேர் இருக்கும்போது எப்படி அழுறது? இங்கே வந்துதான் அழுதேன். அப்புறம் எழுந்து வேலைக்குப் போனேன்."

கட்டிக்கொண்டு இத்தனை ஆண்டில் அவர் என்னிடம் இவ்வளவு பேசியது அபூர்வம். என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. கொண்டுபோயிருந்த எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைப் பிரித்துப் பாதியை அவரிடம் நீட்டினேன். அப்போதுதான் பாட்டியின் அம்மா கிழங்கைப் பிய்த்துக் கொடுத்த கை என் நினைவுக்கு வந்தது.

திரும்பும்போது

மாலையில் மறுபடி பாலத்தின் மேல் பஸ் ஊர்ந்து வந்தது. வேலை முடிந்து திரும்பும் கூட்டம். மோட்டார் சைக்கிள்களின் பின்விளக்குகள் ஜோகூர்க் கரை வரை சிவப்பாக நீண்டு கிடந்தன. பலர் முகத்தில் தூக்கக் கலக்கம். ஆனால், வீட்டுக்குப் போகிறோம் என்பது ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. அது எவ்வளவு பெரிய வரம் என்பது 2020க்கு முன் எங்களில் யாருக்குத் தெரியும்?

நேயர்களே, நான் குருவும் அல்ல, கன்னியாஸ்திரியும் அல்ல. பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுக்கிற தோட்டத்துப் பள்ளி ஆசிரியை. சமாதானம் என்பது பயமெல்லாம் தொலைந்த பிறகு வந்து சேரும் ஒன்று என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தேன். பாலம் திறந்தபின், நோய் தீர்ந்தபின், சம்பளம் வந்தபின் வரும் என்று நினைத்தேன். அப்படி வருவது நிம்மதி, அதுவும் நல்லதுதான். ஆனால், இயேசுநாதர் தம் சீடர்களுக்கு விட்டுப்போவதாகச் சொன்ன சமாதானம் அதுவல்ல. அவர் அதைச் சொன்னதே, மறுநாள் தம்மைக் கொல்லப் போகிறார்கள் என்று தெரிந்த இராத்திரியில் அல்லவா?

பயம் இருக்கும்போதே வருவது அந்தச் சமாதானம். கை நடுங்கும், நடுங்கும் கையாலேயே கிழங்கைச் சமமாகப் பிய்க்க வைக்கும். நிற்கப் பலம் இருக்காது. கால் மணி நேரம் நின்று சுவரில் ஒரு குழந்தையை வரைய வைக்கும். தொண்டை அடைக்கும், அடுத்த வரியை வாசிக்க வைக்கும். துணைக்கு ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால், என் கொள்ளுப்பாட்டி வராத மனிதருக்கு எத்தனை நாள் ஒரு துண்டு எடுத்து வைத்திருப்பார்? வைத்தார், அது இல்லாத ஒருவருக்குப் போய்ச் சேர்ந்தது.

வீட்டுக்கு வந்து சேர இரவாகிவிட்டது. பிள்ளைகள் அக்கா வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போயிருந்தார்கள். அக்காவின் சாமி மாடத்தில் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. நாங்கள் பெரியவனைத் தூக்கிக்கொண்டோம், சின்னவளை எழுப்பி நடத்திக்கொண்டு வந்தோம். அத்தையின் படத்துக்கு முன்னால் நால்வரும் நின்று ஒரு சிறிய செபம் சொன்னோம். கடைசியில், என் பாட்டியின் வீட்டில் எப்போதும் சொல்லும் வேண்டுதலையும் சேர்த்துக்கொண்டேன்: போனவர்கள் போன இடத்தில் சுகமாயிருக்கட்டும்; இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

விடியற்காலை மூன்று மணிக்கு வழக்கம்போல் கடிகாரம் மணியடித்தது. அவர் எழுந்து பாலத்துக்குப் புறப்பட்டார்.